ஊன்றுகோலை எடுத்த அன்று

இணையதளங்களை நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.5 பதிப்பு 2020 ஆகஸ்ட் 11 அன்று வெளியானது. அப்டேட் கொடுத்துவிட்டுத் தங்கள் தளத்தைத் திறந்த பலருக்குக் குழப்பம். பக்கம் வந்தது, எழுத்துகள் இருந்தன. ஆனால் மெனு விரியவில்லை, படங்கள் நகரவில்லை, சில பொத்தான்களை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில் எதற்காகக் கை வைத்தார்கள் என்று கோபப்பட்டார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான் கேள்வி.

கதை ஜேக்வெரியில் தொடங்குகிறது. 2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு அது. அப்போது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு விதம், ஃபயர்ஃபாக்ஸ் வேறு விதம். ஒரே வேலைக்கு இரண்டு முறை எழுத வேண்டும். அந்தத் தலைவலியை ஜேக்வெரி தான் ஏற்றுக்கொண்டது. வேர்ட்பிரஸ் அதைத் தன்னோடு சேர்த்தே கொடுத்ததால், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம், கூடுதல் வசதி தரும் ப்ளக்இன் எழுதியவர்கள் பலரும் அதன் மீதே கட்டினார்கள்.

2013 ஜனவரியில் ஜேக்வெரி 1.9 சில பழைய கட்டளைகளை நீக்கியது. இனிமேல் பக்கத்தில் வரப்போகும் பொத்தான்களுக்கும் இப்போதே வேலை சொல்லிவைக்கும் ‘லைவ்’ அவற்றில் ஒன்று. பழைய நிரல்கள் விழுந்துவிடாமலிருக்க ‘மைக்ரேட்’ என்ற துணைக் கோப்பையும் ஜேக்வெரி குழுவே தந்தது. நீக்கிய கட்டளையை யாராவது அழைத்தால் மைக்ரேட் இடையில் புகுந்து வேலையை முடித்துக்கொடுக்கும். கூடவே, ‘இது காலாவதியானது, மாற்றிவிடு’ என்று பிரௌசரின் கன்சோலில் எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை நிரலாளர்களுக்கான முழு வடிவத்தில் மட்டுமே உண்டு. நேரடித் தளங்களுக்குப் போகும் சுருக்கிய வடிவம் எச்சரிக்காமல் வேலையை மட்டும் செய்யும். அதே ஆண்டு வெளியான வேர்ட்பிரஸ் 3.6 மைக்ரேட்டைச் சேர்த்துக்கொண்டது. ஊன்றுகோலோடு நடக்கிறோம் என்பதே தெரியாமல் தளங்கள் ஏழு ஆண்டுகள் நடந்தன.

என்னைக் கேட்டால், தவறு 2020-ல் நடந்ததல்ல. எச்சரிக்கை தளம் நடத்துபவரின் கண்ணில் படாமல் போன அன்றே நடந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? 2016 ஜூனிலேயே ஜேக்வெரி 3.0 வந்துவிட்டது, வேர்ட்பிரஸோ 1.12.4-ஐ விடவில்லை. கோப்பை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் வேர்ட்பிரஸின் சொந்தப் பட்டியலிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ளக்இன்கள் உண்டு, அவற்றில் பல அதன் மீது சாய்ந்திருந்தன. எழுதியவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பளமில்லாமல் எழுதியவரைத் திரும்ப வந்து திருத்து என்று யார் அதட்ட முடியும்?

அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது, பாதுகாப்பில் ஓட்டை இருந்தது. பக்கத்தின் HTML-ல் தன்னைத்தானே மூடிக்கொள்ளும் குறிச்சொல்லைக் கண்டால் பழைய ஜேக்வெரி அதைத் திறப்பு, மூடல் என இரண்டாகப் பிரித்து எழுதிவிடும். உதவியாகத்தான் செய்தது. ஆனால், வேறொரு நிரல் வடிகட்டி ‘ஆபத்தில்லை’ என்று அனுப்பிய உரையையும் அது இப்படித் திருத்தியபோது, உள்ளே அடைபட்டிருந்த தீய நிரல் வெளியேறி இயங்க வழி பிறந்தது. 2020 ஏப்ரலில் வந்த 3.5.0 அந்தப் பழக்கத்தையே கைவிட்டது.

வேர்ட்பிரஸ் மூன்று படிகளாகத் திட்டமிட்டது: முதலில் பழைய மைக்ரேட்டை நீக்குவது, அடுத்து புதிய ஜேக்வெரியைப் புதிய மைக்ரேட்டோடு தருவது, கடைசியில் அந்த மைக்ரேட்டையும் எடுப்பது. முதல் படியில்தான் ஆகஸ்ட் களேபரம். வேர்ட்பிரஸ் குழு அவசரமாக ஒரு ப்ளக்இன் கொடுத்தது. அது ஊன்றுகோலைத் திருப்பித் தந்தது. எந்த தீம், எந்த ப்ளக்இன் அதில் சாய்கிறது என்பதையும் நிர்வாகத் திரையில் காட்டியது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நிறுவிக்கொண்டன.

டிசம்பர் 8 அன்று 5.6 பதிப்பில் ஜேக்வெரி 3.5.1 வந்து சேர்ந்தது. இம்முறை சேதம் குறைவு. விழ வேண்டியவை ஆகஸ்டிலேயே விழுந்திருந்தன. மூன்றாவது படி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. வேர்ட்பிரஸ் 6 வரிசைத் தளம் ஒன்றின் மூலநிரலைத் திறந்து தேடுங்கள். பெரும்பாலும் ஜேக்வெரிக்கு அடுத்த வரியிலேயே மைக்ரேட் நிற்கும்.