வானளாவும் மாடங்களும் தரையில் வாழும் மக்களும்

ஒரு நகரம் இரு வழிகளில் வளரும். பக்கங்களிற் பரந்து செல்வது ஒன்று. மேல்நோக்கி உயர்ந்து செல்வது மற்றொன்று. நிலம் மலிவாகக் கிடைக்கும் வரை மக்கள் அயலூர்களை நோக்கிப் பரவுவர். நிலம் அரிதாகி, அதன் விலை ஏறிய பின்னர், ஒரே காணியின் மேல் மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிக் கட்டும் எண்ணம் பிறக்கும். கொழும்பு மாநகரம் இந்த இரண்டாவது பருவத்தில் இன்று நிற்கின்றது.

மாநகர எல்லைக்குள் அடங்கிய நிலம் ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் நாள்தோறும் வந்து மீள்வோர் இக்கணக்கிற் சேரார். எனவே கட்டிடங்கள் உயர்ந்ததில் வியப்பில்லை. 1960 இல் கோட்டைப் பகுதியில் எழுந்த சிலிங்கோ மாளிகை பதினாறு மாடிகளுடன் அக்காலத்தார் அண்ணாந்து பார்த்த கட்டிடமாயிருந்தது. 1997 இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக நிலையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 150 மீற்றர் உயரத்தைத் தொட்டன. 2022 இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தாமரைக் கோபுரமோ 350 மீற்றர் உயரமுடையது. பேர வாவிக் கரையில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கும் அல்டெயர் என்னும் இரட்டை மாடம் 68 மாடிகளைக் கொண்டது.

இவ்வளர்ச்சியைக் கண்டு மகிழ்வோரும் உளர். மனம் வருந்துவோரும் உளர். இரு சாராரும் கூறுவனவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்குக் கொம்பனித்தெருவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

கொம்பனித்தெரு கோட்டைக்கு அண்மையில், பேர வாவியை அடுத்து அமைந்த பழைய குடியிருப்பு. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இங்கே குடியிருத்தியமையால் ஆங்கிலத்தில் அடிமைத்தீவு எனப் பொருள்படும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியின் நினைவு தமிழ்ப் பெயரில் எஞ்சியிருக்கின்றது என்பர். பின்னர் ஆங்கிலேயரின் படையிற் பணியாற்றிய மலாயர் பெருந்தொகையாக இங்கு வாழ்ந்தனர். மலாயர் தெரு, ஜாவா ஒழுங்கை, ரைபிள் தெரு என்னும் பெயர்களே அவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றன. 1786 ஆம் ஆண்டளவில் தோன்றிய வேகந்தைப் பள்ளிவாசலும், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், கிறித்தவ தேவாலயமும், பௌத்த விகாரையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. தமிழர், சோனகர், மலாயர், சிங்களவர் ஆகிய எல்லோரும் ஒரே முடுக்கில் அடுத்தடுத்து வாழும் வழக்கம் இங்கு தலைமுறைகளாக இருந்து வந்தது.

இத்தகைய இடத்தின் மேல் வணிகரின் கண் விழுந்ததற்குக் காரணம் யாது? அதனை விளங்கிக்கொள்ள எளிய கணக்கொன்று போதும். ஒரு பேர்ச் நிலம் ஏறக்குறைய 272 சதுர அடி. பத்துப் பேர்ச் காணியில் தரைவீடு ஒன்று கட்டினால், முற்றத்துக்கு இடம் விடாவிடினும், 2,720 சதுர அடிக்கு மேற் கிடையாது. காணியின் பரப்பைப் போல எட்டு மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என அதிகாரிகள் அனுமதி வழங்கினால், அதே காணியில் 21,760 சதுர அடியை விற்கலாம். மண் மாறவில்லை, உரிமையாளர் ஒரு மண்வெட்டியும் எடுக்கவில்லை. அனுமதிப் பத்திரம் ஒன்றே காணியின் பெறுமதியைப் பன்மடங்காக்கிவிடுகின்றது. அனுமதியை வழங்குவது பொதுமக்களின் பெயரால் இயங்கும் அதிகாரம். காணியைச் சூழ்ந்துள்ள வீதியும் குழாய்நீரும் மின்சாரமும் பொதுமக்களின் வரிப்பணத்தால் அமைந்தவை. ஆகவே, இவ்வாறு பெருகிய செல்வத்தில் அவ்விடத்தில் முன்பே வாழ்ந்தவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதே இவ்விவாதத்தின் உயிர்நாடி.

மாடங்களை ஆதரிப்போரின் கூற்றை முதலிற் கேட்போம். பழைய தோட்டக் குடியிருப்புகளில் ஒரு குழாயையும் ஒரு மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர வேண்டியிருந்தது. மழை பெருகினால் வாய்க்கால் நீர் வீட்டினுட் புகுந்தது. தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி செல்ல வழியில்லை. இவற்றை மறைத்துவிட்டுப் பழைமையைப் புகழ்வது நேர்மையாகாது. நகரின் நடுவே மக்கள் உயர்ந்த கட்டிடங்களில் வாழ்ந்தால், வயல்களும் சதுப்பு நிலங்களும் வீட்டுமனைகளாகாமல் தப்பும். பயணத் தூரமும் குறையும். வெளிநாட்டு முதலீடு வரும், தொழில் பெருகும். இவ்வாதங்கள் அனைத்தும் கருதத்தக்கனவே.

மறுபுறத்தார் கூறுவது யாது? நடந்த நிகழ்ச்சிகளை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 1978 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இற் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது; 2015 வரை அந்நிலை நீடித்தது. 2010 மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் தெருவிலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின் வகுக்கப்பட்ட நகரப் புத்துயிர்ப்புத் திட்டம், மாநகரில் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 68,000 குடும்பங்களைத் தொடர்மாடி வீடுகளுக்கு மாற்றி, விடுபடும் காணியை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கருதியது. தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய இடங்களில் உயர்ந்த தொடர்மாடிகள் எழுந்தன. அவ்வாறு பெயர்க்கப்பட்டோர் யாவரும் உரிமையின்றிக் குடியேறியவர் எனக் கருதுவது தவறு. காணி உறுதி உடையோரும், மாநகர சபைக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தியோரும் அவர்களுள் இருந்தனர்.

கொம்பனித்தெருவின் வேறொரு பகுதியில், பழைய இடத்திலேயே புதிய வீடு தரப்படும் என்ற உறுதிமொழியுடன் மக்கள் வெளியேறினர். இடைக்கால வாடகைக்குப் பணமும் வழங்கப்பட்டது. ஆயினும் குறித்த தவணையிற் கட்டிடம் முடியாமையால் அவர்களுட் பலர் ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளிற் காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்த காலத்திற் பிள்ளைகளின் பாடசாலை மாறியது. முதியோர் சிலர் புதுவீட்டைக் காணாமலே கண்மூடினர். இவை எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் கணக்கிடப்படாத இழப்புகள்.

புதிய தொடர்மாடிக்குச் சென்றோரின் நிலையையும் ஆராய வேண்டும். முதலில் அமைந்த வீடுகள் பல சுமார் 400 முதல் 450 சதுர அடி பரப்புடையவை. பழைய வீடு சிறிதாயினும் பிள்ளைகளுக்குத் திருமணமானால் மேலே ஓர் அறை எழுப்பலாம், முன்புறத்தைக் கடையாக்கலாம். மாடிவீட்டின் சுவர் அவ்வாறு வளராது. அதிகாலையில் இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்ற பெண்ணுக்குப் பதினோராம் மாடியில் வாடிக்கையாளர் யார்? முச்சக்கர வண்டி ஓட்டுபவர் அதனைக் கண்பார்வையில் நிறுத்துவது எங்கே? சம்பள நாள் வரை கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரர் பழைய ஒழுங்கையில் இருந்தார்; புதிய இடத்திற் பெயர் அறிந்து கடன் கொடுப்போர் இலர். மறுபுறம், பழைய இடத்தில் இல்லாத செலவுகள் தோன்றுகின்றன. வீட்டின் பொருட்டுப் பத்து இலட்சம் ரூபாவைத் தவணை முறையிற் செலுத்துமாறு பல குடும்பங்கள் கேட்கப்பட்டன. மின்தூக்கி பழுதடைந்தால் திருத்தும் செலவும், பொது விளக்கின் கட்டணமும், நீரிறைக்கும் இயந்திரத்தின் பராமரிப்பும் எல்லோரையும் சாரும். நாளாந்தக் கூலி பெறுவோர் மாதாந்தக் கட்டணம் செலுத்தத் தவறினால் மின்தூக்கி நிற்கும். அது நின்றால் நோயாளியும் முதியவரும் வீட்டுச் சிறையில் இருப்பர். செல்வர் வாழும் மாடமும் ஏழையர் வாழும் மாடமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. பராமரிப்பு நிதி உண்டா இல்லையா என்பதில்தான் அவற்றின் ஆயுள் அடங்கியுள்ளது.

இம்மாற்றம் கொழும்புக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் உழைப்பாளர் வாழ்ந்த தெருக்களிற் செல்வர் குடிபுக, வாடகை ஏறி, பழைய குடிகள் மெல்ல மெல்ல வெளியேறியதை ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1964 இல் ஆராய்ந்து அதற்கொரு பெயரும் இட்டார். அமெரிக்காவின் சென் லூயி நகரிற் பழைய குடியிருப்புகளை அகற்றி 1950 களிற் கட்டப்பட்ட 33 பதினொரு மாடிக் கட்டிடங்கள், பராமரிப்புக்குப் பணமின்றிச் சீரழிந்து, 1972 முதல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஆனால் சிங்கப்பூரில் 1960 இல் நிறுவப்பட்ட வீடமைப்புச் சபை அமைத்த தொடர்மாடிகளில் இன்றும் அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் வாழ்கின்றனர். ஆகவே உயர்ந்த கட்டிடத்திற் குடியிருத்தலே தீது எனல் பொருந்தாது. பாடசாலை, சந்தை, மருத்துவ நிலையம், பேருந்து, ஒழுங்கான பராமரிப்பு ஆகியன கட்டிடத்துடன் சேர்ந்தே வந்தனவா என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

வேறொரு வழியும் உண்டு என நூறாண்டுக்கு முன்பே காட்டியவர் பட்ரிக் கெடிஸ். உயிரியல் கற்று நகர அமைப்பிற் புகுந்த அப்பெரியார் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களை ஆராய்ந்தவர். 1921 இற் கொழும்பைப் பற்றியும் அறிக்கை வரைந்தார். நெருக்கமான குடியிருப்பை வேரோடு பெயர்ப்பதை அவர் விரும்பவில்லை. மிகப் பழுதான சில கட்டிடங்களை மட்டும் நீக்கி, அவ்விடத்திற் காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, எஞ்சியவற்றைத் திருத்தி, குடிகளை அவ்விடத்திலேயே வாழவிடுதல் அவர் கண்ட முறை. செலவு குறைவு, துன்பமும் குறைவு. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாதாயினும், இடிக்கும் இயந்திரத்தை அழைக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி அதுவே.

2022 இன் பொருளாதார நெருக்கடியும் ஒரு பாடம் புகட்டியது. வெளிநாட்டுப் பணமும் சீமெந்தும் இரும்பும் தட்டுப்பட்டபோது, மாநகரிற் பல கட்டிடங்கள் அரைகுறையாக நின்றன. வீடிழந்தவரின் வருங்காலத்தைச் சந்தையின் ஏற்ற இறக்கத்துடன் பிணைத்துவிட்டால், சந்தை சரியும் நாளில் அவருக்குப் பழைய வீடும் இல்லை. புதிய வீடும் இல்லை.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கினால், எந்தத் திட்டத்தையும் அளந்தறிய மூன்று கேள்விகள் போதும் என்பது புலனாகும். முதலாவது: அவ்விடத்து மக்களுக்குத் திட்டம் அவர்கள் தாய்மொழியில் முன்கூட்டியே விளக்கப்பட்டு, அவர்கள் கருத்துக் கேட்கப்பட்டதா? இரண்டாவது: வீட்டின் சதுர அடிக்கு மட்டுமன்றி, இழந்த தொழிலுக்கும் பாடசாலைக்கும் மாற்று ஏற்பாடு உண்டா? மூன்றாவது: புதிய வீடு முடியுமுன் பழைய வீட்டை இடியாதிருக்கும் உறுதி எழுத்தில் உள்ளதா? 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையும் இந்நெறிகளையே தழுவியது. கொள்கை எழுதப்பட்டிருந்தும் நடைமுறை அதனின்று விலகியமையே மனத்தாங்கல்களுக்குக் காரணமாயிற்று.

கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே காற்றில் கலந்த ஒழுங்கையை உருவாக்க இரு நூற்றாண்டுகள் சென்றன. அதனை இடிக்க ஒரு காலைப்பொழுது போதும். மாடங்கள் எழட்டும், நாடு செழிக்கட்டும். ஆனால் அம்மாடத்தின் அடித்தளம் யாருடைய முற்றத்தில் இடப்படுகிறதோ, அவருக்கும் அதன் நிழலில் நியாயமான இடம் உண்டு என்பதை அதிகாரத்தில் உள்ளோரும், வீடு வாங்குவோரும், வாக்களிக்கும் குடிமக்களும் மறவாதிருத்தல் கடனாகும்.