அழுத்தத்தை ஆளும் ரெனின்
இரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. 1898-இல் சுவீடனில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் இதைக் கண்டனர். கல்லீரல் தரும் புரதத்தை ரெனின் வெட்ட, ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி அந்தத் துண்டை ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. அது இரத்தக் குழாய்களை இறுக்கும். அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உடலில் உப்பைத் தேக்கும். இரத்தப்போக்கின்போது இது உயிர்காக்கும் ஏற்பாடுதான். ஆனால் ஓயாமல் இயங்கினால் இதயத்தசை தடிக்கும், சிறுநீரகம் கெடும். உடல் பருத்தவர்களுக்குக் கொழுப்புத் திசுவும், கல்லீரல் தரும் அதே புரதத்தைச் சுரக்கிறது. அவர்களிடம் இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது.

இந்த ஓயாத இயக்கத்தை அடக்க ஏ.சி.இ.-யைத் தடுக்கலாம். அதற்கு வழிகாட்டியது, விந்தையாக, பிரேசில் விரியன் பாம்பின் நஞ்சு. அதையொட்டி உருவான கேப்டோபிரில் என்ற மருந்து 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவ்வகை மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அவர்களுக்கு லோசார்டான் போன்ற வேறு வகை மாத்திரைகள் தரப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கு இரண்டு வகையுமே ஆகாது.