ஃபார்மேட் போடும் முன்

லினக்ஸ் கணினி தொடங்கத் தாமதமாகிறது என்று செங்கல்பட்டில் எந்தக் கடையில் சொன்னாலும், "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது.

சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்ட 2007இல், சேவைகளைத் தொடங்கும் வேலை சிஸ்-வி இனிட்டிடம் இருந்தது. எண் போட்ட ஸ்கிரிப்டுகள் வரிசையாக ஓடும். முன்னது முடியாமல் பின்னது நகராது. இணைய இணைப்பு இல்லாத ஊரில் மின்னஞ்சல் சேவை தன் கணினிப் பெயரை டி.என்.எஸ்ஸில் தேடிக்கொண்டு நின்றால், பின்னால் உள்ளவை எல்லாம் காத்திருக்கும். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று அறிய திரையையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்க்கவேண்டும். அதை வரைபடமாகக் காட்டும் பூட்சார்ட் 2004இல் வந்தாலும், அதைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2010இல் லென்னார்ட் போட்டெரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்-வி இனிட்டுக்கு மாற்றாகச் சிஸ்டம்-டியைக் கொண்டுவந்தார்கள். 2015இல் டெபியன் 8 அதை ஏற்றது. இப்போது சேவைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் நேரமும் பதிவாகிறது. 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று அடித்தால், அதிக நேரம் எடுத்த சேவை முதலில் வரும்.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பட்டியலில் முதலில் நிற்பது குற்றவாளி என்று உறுதியில்லை. அது யாரையும் தடுக்காமல் தனியே ஓடியிருக்கலாம். உண்மையில் எது எதற்காகக் காத்திருந்தது என்பதை 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்' காட்டும். அதில் @ குறிக்குப் பின் இருப்பது சேவை தயாரான நேரம். + குறிக்குப் பின் இருப்பது அதற்குப் பிடித்த நேரம்.

நம் கடற்கரைக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயல் இல்லாவிட்டாலும் மழைக்காலம் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வரும். கணினியும் ரவுட்டரும் ஒன்றாக உயிர்பெற்றாலும், ரவுட்டர் தயாராகிக் கணினிக்கு இணைப்புக் கொடுக்கச் சற்று நேரமாகும். அதுவரை 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' காத்துக் கிடக்கும். கணினி எழும்போதே நெட்வொர்க் தேவையில்லாத வீட்டில் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். கணினி தொடங்கும்போது சரியாக ஒன்றரை நிமிடம் நின்றால், இணைக்கவேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்-டேப் கோப்பில் கழற்றிய வட்டின் வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரியை நீக்கலாம், அல்லது 'நோஃபெயில்' சேர்க்கலாம்.

ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கும் முன், 'பிளேம்', 'கிரிட்டிகல்-செயின்' என்ற இரண்டு கட்டளைகளும் என்ன காட்டின என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.