பைப் புகையிலையின் விலை எதைப் பொறுத்தது?

பைப் புகையிலைக் கலவைகளின் விலை, இலையின் தரத்தோடு அதைப் பதப்படுத்தும் முறையையும் அரசு விதிக்கும் வரியையும் பொறுத்தே அமைகிறது. இயல்பான இனிப்புள்ள வர்ஜீனியா, வாசனைத் திரவங்களை நன்கு உறிஞ்சும் பர்லி ஆகிய இலைவகைகள் மிகுதியாக விளைவதால் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தின் மரபுச் சரக்கான பெரீக், விஸ்கிப் பீப்பாய்களில் திணிக்கப்பட்டு, திருகு ஜாக்கியால் இறுக்கப்பட்டு, இடையிடையே காற்றாடப் பிரிக்கப்பட்டு, தன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்க வைக்கப்படுவதால், விலை உயர்ந்து, கலவையில் சிறிதளவே சேர்க்கப்படுகிறது.

வரியின் பங்கு இதைவிட வியப்பானது: 2009 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, சிகரெட் சுருட்டும் புகையிலைக்குப் பவுண்டுக்கு 24.78 டாலரும் பைப் புகையிலைக்கு 2.83 டாலரும் விதித்ததால், முன்னதையே பின்னதன் பெயரில் விற்கும் வழக்கம் பெருகியது. விலை எதுவாயினும், வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் எல்லாக் கலவைகளுக்கும் உண்டு.