கேட்கக் கேட்க ஏன் பிடிக்கிறது?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்குவதற்குள் இரண்டு பாட்டு ஓடிவிடும். தினமும் அப்படிக் கேட்டால், ஸ்வீடனின் ரெஃப்யூஸ்டு குழு 1998-இல் வெளியிட்ட போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் ஒரு கிளை) ஆல்பம் முதல் நாள் வெறும் கத்தலாகத் தோன்றும். பத்தாம் நாள் கால் தானாகத் தாளம் போடும். எப்படி?

அடுத்து என்ன வரும் என்று மூளை ஓயாமல் ஊகிக்கிறது. இந்த இசையில் தாளம் திடீரென உடையும். சத்தம் அடங்கி மறுபடி வெடிக்கும். ஊகம் தவறத் தவற எரிச்சல். கேட்கக் கேட்க அந்தத் திருப்பங்கள் நினைவில் பதிந்துவிடுகின்றன. வண்டலூருக்கு முந்தைய நிலையமான பெருங்களத்தூர் தாண்டியதும் கதவருகே நகர்கிறோமே, அதுபோல மூளையும் முன்கூட்டியே தயாராகிறது. பிடித்த கட்டம் நெருங்கும்போதே மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை 2011-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அளவு மிஞ்சினால்? எல்லாத் திருப்பமும் மனப்பாடமாகி, சலிப்புத் தட்டும்.