கோவில்பத்திலிருந்து டேனிஷ் கோட்டைக்கு ஒரு வேன் பயணம்

கோட்டை பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிக்கோ வேலூருக்கோதான் போக வேண்டும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். காரைக்கால் கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் பக்கம் வேன் ஏறினால், கோட்டுச்சேரி தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் தமிழ்நாடு. அங்கிருந்து டேனிஷ் கோட்டை இருக்கும் தரங்கம்பாடி பக்கம்தான். மொத்தமே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஆனால் குறுக்கே மாநில எல்லை இருக்கிறது. பிஒய் 02 வேனை வாடகைக்குப் பேசும்போது, தமிழ்நாட்டுக்குள் ஓட பெர்மிட் உண்டா என்று முதலில் கேளுங்கள்; பேரம் அப்புறம்.

வழியெங்கும் வயல்தான். தை பிறக்கும் சமயம் போனால் சம்பா அறுவடைக்கு நிற்கும். சித்திரை வெயிலில் போனால் வெறும் தரிசு, வியர்வைதான் மிச்சம்.

வழிகாட்டி அவசியமா? டேன்ஸ்போர்க் என்ற இந்த டேனிஷ் கோட்டைக்கு அவசியம் என்பேன். வெளியே நின்று பார்த்தால் கடலோரத்தில் ஒரு மதில், அவ்வளவே; கதை தெரியாதவர் இருபது நிமிடத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். கதை 1620இல் தொடங்குகிறது. ஓவ கெத்த என்ற டேனிஷ் கப்பல் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து, மிளகு வணிகத்துக்காக இங்கே கோட்டை கட்டினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கையொப்பம் மட்டும் தெலுங்கு! அன்றைய தஞ்சை அரண்மனையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஏடு போதும்.

கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள்: கிடங்கு, சமையற்கட்டு, சிறை. அதிகாரிகள் இருந்தது மேல்தளத்தில். உள்ளேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மட்டும் வேண்டாம்.

வேன்காரர் அவசரப்படுத்தினாலும் ராஜ வீதியை விடாதீர்கள். 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் தேவாலயம் (1718) அங்கேதான். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சானதும் இந்த ஊரில்தான். காகிதத் தட்டுப்பாட்டால் பக்கத்திலேயே ஓர் ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் மிச்சம். கோட்டையை விட எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

கடைசியாகக் கடற்கரைக்கு. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

1845இல் டேனியர்கள் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம் காரைக்காலிலோ பிரெஞ்சுக் கொடி 1954 வரை பறந்தது. திரும்பும்போது நண்டலாற்றுப் பாலத்தில் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.