கடல் கடந்த ஓய்வுக்காலம்

முப்பது நாற்பது ஆண்டுகள் உத்தியோகத்தில் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி, பென்ஷனும் கொஞ்சம் சேமிப்புமாக ஓய்வு பெற்ற ஒருவர், எஞ்சிய காலத்தைக் கடுங்குளிர் இல்லாத, செலவு மிகாத, நல்ல வைத்தியம் எளிதில் கிடைக்கிற வேறொரு தேசத்தில் கழிக்கலாம் என்று தீர்மானிப்பது இன்று அபூர்வமான செய்தியன்று. பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாய்லாந்துக்கு வந்து சியாங் மாயிலும் ஹுவா ஹின்னிலும் குடியிருப்போரும், ஜப்பானிலிருந்து மலேசியாவுக்கு வந்து பினாங்கிலும் கேமரன் மலையிலும் வசிப்போரும் பலர். வீடு, சீதோஷ்ணம், உணவு, வைத்தியம் ஆகிய யாவற்றையும் தீர விசாரித்துக்கொண்டு புறப்படும் இவர்களுள் அநேகர், அந்த வாழ்க்கை முழுவதற்கும் ஆதாரமாக இருக்கும் விசா நிபந்தனைகள் தாம் போய்க் குடியேறிய பிறகும் மாறக்கூடும் என்பதைப் போதிய அளவு யோசிப்பதில்லை.

இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குடியுரிமையுமன்று, நிரந்தர வாச உரிமையுமன்று. காலவரையறைக்கு உட்பட்ட அநுமதி மட்டுமே. தாய்லாந்தில் ஓராண்டு தங்குவதற்குக் கொடுக்கப்படும் அநுமதியை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் அதுவும் நீண்டகால வருகைக்கான அநுமதியே. இருபது ஆண்டுகள் விடாமல் புதுப்பித்துக்கொண்டு வாழ்ந்த ஒருவருக்கும் அடுத்த ஆண்டு புதுப்பித்துத் தர வேண்டிய கடமை சர்க்காருக்குக் கிடையாது. மேலும், இந்நிபந்தனைகளைப் பாராளுமன்றம் கூடி விவாதித்துச் சட்டமாக இயற்றுவது அரிது. அமைச்சகத்தின் அறிவிப்பாலோ, குடிநுழைவுப் போலீஸாரின் உத்தரவாலோ அவை வகுக்கப்படுகின்றன. ஆகையால் மாறும்போது மிக விரைவாக மாறுகின்றன.

மலேசியாவில் நேர்ந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். 1996இல் ஐம்பது வயது கடந்த வெளிநாட்டவருக்கென்று 'வெள்ளி முடி' என்ற பெயரில் அந்நாடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அதுவே விரிவடைந்து 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற பெயர் பெற்றது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவரிடம் 3,50,000 ரிங்கிட் சொத்தும், வெளிநாட்டிலிருந்து மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் இருந்து, அவர் 1,50,000 ரிங்கிட்டை மலேசிய வங்கியில் வைப்பாக வைத்தால், பத்தாண்டு அநுமதி வழங்கப்பட்டது. இந்த வாக்கை நம்பியே பல தேசத்தவர் தம் ஊர் வீடுகளை விற்று, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீடு வாங்கிக் குடியமர்ந்தனர். 2020ஆம் ஆண்டு இடைப்பகுதியில், கொள்ளைநோய்க் காலத்தில், மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று கூறித் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய நிபந்தனைகள் வெளியாயின. மாத வருமானம் 40,000 ரிங்கிட்டாகவும், வைப்புத்தொகை பத்து லட்சமாகவும், சொத்து பதினைந்து லட்சமாகவும் உயர்ந்தன. அநுமதியின் காலம் ஐந்தாண்டாகக் குறைந்தது. ஆண்டுக்கு 90 ரிங்கிட்டாக இருந்த கட்டணம் 500 ஆயிற்று. ஆண்டில் 90 நாட்களாவது நாட்டில் தங்கியிருக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

வருமானம் நான்கு மடங்கும், வைப்புத்தொகை ஆறு மடங்குக்கு மேலும் ஒரேயடியாக உயர்ந்ததைக்கூடப் புதிதாக வர விரும்புவோர் வேறு தேசத்தைத் தேடிக்கொண்டு தாங்கிக்கொள்ளலாம். உண்மையான வேதனை மற்றோர் அம்சத்தில் இருந்தது. ஏற்கெனவே குடியிருப்பவர்களும் ஓராண்டு அவகாசத்துக்குள் இவற்றுக்கு இணங்க வேண்டும் என்று முதலில் கூறப்பட்டது. எழுபது வயதைக் கடந்து, உத்தியோகமும் இல்லாமல், ஊரில் வீடும் இல்லாமல், மாதாமாதம் வரும் பென்ஷனை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவர் தம் வருமானத்தை நான்கு மடங்காக உயர்த்துவது எவ்வாறு? அந்த வயதில் அதற்கு வழி இல்லை. எதிர்ப்பு எழுந்தது, பின்னாளில் மலேசியாவின் மாமன்னரான ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் இந்த மாற்றங்களைக் குறித்துத் தம் அதிருப்தியை வெளியிட்டார். அடுத்த சில வாரங்களில், புதிய நிதி நிபந்தனைகள் பழைய அநுமதிக்காரர்களைக் கட்டுப்படுத்தமாட்டா என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆயினும் அந்தச் சில வாரங்களை வயோதிகத் தம்பதிகள் எத்தகைய மனக்கலக்கத்தோடு கழித்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதோடும் நிற்கவில்லை. 2024இல் திட்டம் மீண்டும் உருமாறி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தரங்களாகப் பிரிந்தது. மாத வருமான நிபந்தனை நீங்கியது. அதற்குப் பதிலாக முறையே 1,50,000, 5,00,000, 10,00,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், தரத்துக்கேற்ற விலையில் வீடு வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் வந்தன. இதே காலத்தில், குடிநுழைவு விஷயத்தில் தனி அதிகாரம் படைத்த சரவாக் மாநிலம் தனக்கென்று தனித் திட்டத்தை நடத்திவந்தது. ஒரு தேசத்துக்குள்ளேயே ஒரு வாசல் மூடினாலும் மற்றொரு வாசல் திறந்திருக்கக்கூடும் என்பதை விஷயம் தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

தாய்லாந்தில் மாற்றம் வேறு விதமாக வந்தது. அங்கே ஐம்பது வயது நிறைந்தவர் தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவேண்டும். அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8,00,000 ஆகவேண்டும். இந்தத் தொகைகள் நெடுங்காலமாக மாறவில்லை. அவற்றை நிரூபிக்கும் முறைதான் மாறிற்று. வருமானத்துக்குச் சாட்சியாகத் தத்தம் தூதரகம் கொடுக்கும் கடிதத்தையே பலரும் ஆண்டுதோறும் சமர்ப்பித்து வந்தனர். அக்கடிதத்தில் கண்ட வருமானத்தைத் தூதரகமே சரிபார்த்து உறுதி கூற வேண்டும் என்று தாய்லாந்து அதிகாரிகள் எதிர்பார்த்தபோது, அது தங்களால் இயலாது என்று கூறி, பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 தொடங்கும் தறுவாயில் அக்கடிதம் வழங்குவதையே நிறுத்திவிட்டன. அதுவரை ஒரு தாளைக் காட்டி வாழ்ந்தவர்கள், மாதாமாதம் 65,000 பாட்டை வெளிநாட்டிலிருந்து தாய்லாந்து வங்கிக்கு வரவழைத்துக் காட்டவேண்டியவர்களானார்கள். வங்கியில் பணம் வைப்பவர்களுக்கும் புதிய கட்டுப்பாடு வந்தது. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னும், அநுமதி கிடைத்தபின் மூன்று மாதமும் 8,00,000 பாட் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்டின் மற்ற மாதங்களிலும் அது 4,00,000க்குக் கீழே இறங்கக் கூடாது.

இவ்விடத்தில் பிரிட்டிஷ் பென்ஷன்காரர்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. அந்நாட்டு அரசாங்கப் பென்ஷன் உள்நாட்டில் ஆண்டுதோறும் உயர்ந்தாலும், தாய்லாந்து, மலேசியா, இந்தியா முதலிய தேசங்களில் வசிப்போருக்கு, அவர்கள் அங்கே முதன்முதல் பெறத் தொடங்கிய தொகையிலேயே உறைந்து நின்றுவிடுகிறது. 2016இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென வாக்களித்த பிறகு பவுண்டின் மதிப்பும் சரிந்தது. பென்ஷன் உயராமல், நாணயத்தின் மதிப்பும் இறங்கி, காட்டவேண்டிய தொகை மட்டும் பாட் கணக்கில் அப்படியே நிற்கும்போது, எந்தச் சட்டமும் திருத்தப்படாமலே ஒருவர் தகுதி இழந்துவிடலாம்.

பிறகு மருத்துவக் காப்பீடு வந்தது. வெளிநாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகங்களில் பெறப்படும் ஓராண்டு ஓய்வுக்கால விசாவுக்கு 2019 அக்டோபர் 31 முதல் காப்பீடு கட்டாயமாயிற்று. முதலில் உள்நோயாளிச் செலவுக்கு 4,00,000 பாட் என்றிருந்தது, 2021இல் மொத்தம் முப்பது லட்சம் பாட்டாக உயர்ந்தது. எழுபத்தைந்து வயதில் சர்க்கரை வியாதியும் இருதய நோயும் உள்ளவருக்குக் காப்பீடு கொடுக்க எந்த நிறுவனம் எளிதில் முன்வரும்? வந்தாலும் அதன் பிரீமியம் அவருடைய பென்ஷனில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 2024 ஜனவரி முதல் வரி விதியும் மாறியது. ஆண்டில் 180 நாட்கள் தாய்லாந்தில் வசிப்பவர், 2024 தொடங்கி ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும் அது வரிக்கு உட்படும். விசாவை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வரி இலாகாவிலிருந்து மாற்றம் வந்து சேர்ந்தது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வெளிநாட்டவர் கட்டணம் செலுத்தாமல் விட்டுச் சென்ற சிகிச்சைச் செலவு பொது மருத்துவமனைகளின் தலையில் விழுகிறது; முதியவர் போர்வையில் வேறு காரியங்களுக்காக வந்து தங்குவோரும் உண்டு; வெளியார் வந்து வீடு வாங்குவதால் உள்ளூர் மக்களுக்கு விலை ஏறுகிறது என்ற புகாரும் பல ஊர்களில் எழுகிறது. தன் மண்ணில் யார் வந்து வசிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு தேசத்துக்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புதிதாக வர விரும்புகிறவருக்கு விதிக்கும் நிபந்தனையும், ஏற்கெனவே அழைத்துக் குடியமர்த்தியவருக்கு விதிக்கும் நிபந்தனையும் ஒன்றாகா. முன்னவர் வராமல் இருந்துவிடலாம். பின்னவர் திரும்பிச் செல்லும் பாதையை அந்த அழைப்பை நம்பியே அடைத்துக்கொண்டவர். இந்த வித்தியாசத்தைச் சட்டத்தில் இடம்பெறச் செய்வது கடினமுமன்று. 1998 அக்டோபர் 21க்கு முன்னரே வந்து இடைவிடாமல் ஓய்வுக்கால அநுமதியில் இருப்பவர்களுக்குக் குறைந்த தொகைகளையே தாய்லாந்து அநுமதித்திருக்கிறது. ஒருமுறை செய்ததை எப்போதும் செய்யலாம். வயோதிகரை அழைக்கும் எந்தத் தேசமும், பழையவர்களுக்குப் பழைய விதியே என்பதை அழைக்கும்போதே எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படி எழுத்தில் கிடைக்கும் வரையில் ஒருவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏஜெண்டின் வாய்மொழியையும் அண்டை வீட்டாரின் அநுபவத்தையும் கேட்டுக்கொள்ளலாம். ஆயினும் குடிநுழைவு இலாகாவின் அறிவிப்பை அதன் தேதியோடு தாமே படித்துப் பிரதி வைத்துக்கொள்வதற்கு அவை ஈடாகமாட்டா. நிபந்தனை கேட்கும் தொகை எவ்வளவோ அதற்குச் சரியாகப் பணம் வைத்திருப்பவர் முதல் மாற்றத்திலேயே தவித்துப்போவார். கணிசமான தொகை அதற்கு மேலும் கையில் இருந்தாலன்றிப் புறப்படாமல் இருப்பது உத்தமம். வீடு வாங்குவதில் அவசரம் கூடாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்துக்கு உரிமையாளராக முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில்கூட மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. வாடகை வீட்டிலிருப்பவர் எளிதில் பெட்டியைக் கட்டலாம்.

சிறு கடமைகளில் தவறுவது பெரும் ஆபத்து. தாய்லாந்தில் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளியே போய்வருவதானால் மறுநுழைவு அநுமதி பெற்றுக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் தங்கும் அநுமதியே ரத்தாகிவிடும். காலக்கெடு கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. தொண்ணூறு நாட்களைக் கடந்துவிட்டால், தாமே முன்வந்து வெளியேறினாலும் ஓராண்டு திரும்பி வரத் தடை. மறதி மிகும் வயதில் இத்தேதிகளை நினைவூட்ட ஒரு பிள்ளையோ நண்பரோ இருக்கவேண்டும்.

மனைவியின் நிலையைக் குறித்துப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பல திட்டங்களில் கணவரே பிரதான விண்ணப்பதாரர். மனைவி அவரைச் சார்ந்தவராகவே அநுமதிக்கப்படுகிறார். கணவர் காலமானால் அந்த அநுமதி என்னவாகும், வங்கியில் முடங்கியிருக்கும் வைப்புத்தொகை யார் கைக்கு எத்தனை மாதத்தில் வரும் என்பவற்றை இருவரும் நலமாயிருக்கும்போதே கேட்டறிந்து, அந்நாட்டுச் சட்டப்படி உயிலும் எழுதிவைக்க வேண்டும். துக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியைக் குடிநுழைவு அலுவலகத்தின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது கொடுமை.

இந்தியாவிலிருந்து இவ்வாறு செல்ல எண்ணுவோருக்கு நம் நாட்டு விதிகளும் உண்டு. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரையிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அரசாங்கப் பென்ஷன் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று சமர்ப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்போர் இந்தியத் தூதரகத்தின் மூலமும் அதைச் செய்யலாம்.

ஓய்வுக்காலத்தைக் கடல் கடந்து கழிக்கத் தீர்மானித்திருக்கும் வாசகர்களையும், பெற்றோரை அவ்வாறு அனுப்பி வைக்க எண்ணும் பிள்ளைகளையும் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அநுமதியை ஒருமுறையேனும் புதுப்பித்துப் பார்க்கும் வரையில், ஊரிலுள்ள வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விட்டுவைத்துப் போங்கள்.